உலாவும் உலாவியும்



2023 மே மாதத்தில் தமிழகத்தைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனம், இணையப் பக்கங்களைத் திறந்து படிப்பதற்குரிய மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. உலாவி என்று தமிழில் வழங்கும் அக்கருவிக்கு அந்நிறுவனம் இட்ட பெயர் 'உலா'. குரோம், எட்ஜ், சஃபாரி, பயர்பாக்ஸ் என்னும் பெயர்களுக்கிடையே தமிழ்ச் சிற்றிலக்கிய வகை ஒன்றன் பெயர் வந்து அமர்ந்தது தமிழ் பயின்றார்க்கு மகிழ்வூட்டும் செய்தியே. ஆயின் பெயர் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிட வேண்டியதில்லை. கணினியிலும் கைப்பேசியிலும் எந்த உலாவியைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது இன்று உலக நீதிமன்றங்கள் வரை சென்றுள்ள வழக்கு. அவ்வழக்கை விளங்கிக்கொள்ள உலா இலக்கியமே நல்லதொரு துணையாக அமைகிறது.

தலைவன் வீதியில் பவனி வருதலும், அவனைக் கண்ட ஏழு பருவ மகளிர் காதல் கொள்ளுதலும் உலாவின் பொருள். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலா ஆதியுலா எனப்படும். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகியோர்மீது ஒட்டக்கூத்தர் பாடியவை மூவருலா எனத் தொகுத்து வழங்குகின்றன. இவ்விலக்கியத்தில் எழுதப்படாத ஓர் ஒழுங்கு உண்டு. உலா வருபவன் தான் பார்க்கப்படுவதை அறிவான். காட்சி தருதற்பொருட்டே அவன் புறப்படுகிறான். பார்ப்பவர்களும் ஒளிந்திருப்பவர் அல்லர். மாடத்திலும் சாளரத்திலும் வீதியிலும் நின்று, பேதை, பெதும்பை எனப் பருவம் சொல்லி அறிமுகப்படுத்தப்படுபவர்கள் அவர்கள். கார்த்திகைத் திருவிழாவில் பஞ்சமூர்த்திகள் மாட வீதிகளில் எழுந்தருளும்போது திருவண்ணாமலை மக்கள் காண்பதும் இதுவே. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் நேருக்கு நேர் நிற்கின்றனர்.

இணைய உலாவில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. இங்கு உலா வருபவர் அரசரும் அல்லர், இறைவரும் அல்லர். தன் அறையில் தனித்திருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் எளிய மனிதர். பௌர்ணமிக் கிரிவலத்திற்கு வரவிருக்கும் அன்பர் ஒருவர் விசாகப்பட்டினத்தில் அமர்ந்து திருவண்ணாமலையில் தங்கும் விடுதி தேடுகிறார் என்று கொள்க. அவர் திறப்பது ஒரு பக்கத்தை. ஆனால் அப்பக்கத்தில் விளம்பர நிறுவனங்கள் சிலவற்றின் நிரல்களும் சேர்ந்தே திறக்கின்றன. அவை அவருடைய உலாவியில் 'குக்கீ' என்னும் சிறு குறிப்பை எழுதி வைக்கின்றன. 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்பார் இக்குறிப்பு முறையை உருவாக்கியபோது நோக்கம் எளியதாகவே இருந்தது. ஒரு தளம் தன்னிடம் வந்தவரை மறுமுறை அடையாளம் காண வேண்டும். இல்லையேல் கூடையில் இட்ட பொருளைக்கூட அது மறந்துவிடும். கேடு பின்னர் விளைந்தது. வாசகர் சென்ற தளம் அல்லாத மூன்றாம் தரப்பாரும் குறிப்பெழுதத் தொடங்கினர். பல தளங்களில் ஒரே விளம்பர நிறுவனம் நிற்குமாயின், அவர் சென்ற வழியெல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். அதனால்தான் விடுதி தேடியவர் மறுநாள் கிரிக்கெட் செய்தி படிக்கும்போதும் விடுதி விளம்பரமே முன்வந்து நிற்கிறது.

விடுதி விளம்பரத்தால் யாருக்கும் பெருந்தீங்கு இல்லை. ஆனால் அவர் தேடியது விடுதியாக இராமல், மார்பில் தோன்றிய கட்டியைப் பற்றியதாகவோ, கடனில் மூழ்கியவர்க்கு உள்ள வழியைப் பற்றியதாகவோ இருக்குமாயின்? கணவரிடமும் சொல்லாத ஒன்றைத் தேடுபொறியிடம் சொல்லும் பெண்கள் பலர். அதைக் கேட்பவர் இன்னார் என்று அவர்கள் அறியார்.

குக்கீயைத் தடுத்துவிட்டால் போதும் எனவும் அமைய இயலாது. திரையின் அளவு, கருவியின் வகை, நேர மண்டலம், நிறுவியுள்ள எழுத்துருக்கள் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தே ஒரு கணினியைப் பிறவற்றினின்று பிரித்தறியும் முறையும் உண்டு. அரிய தமிழ் எழுத்துருக்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் தமிழாசிரியர் இவ்வகையில் எளிதாக அகப்படுவார் என்பது ஒரு வேடிக்கை.

இனி, நிறுவனங்களின் நெருக்குதலைக் காண்போம். எட்ஜ் உலாவியில் இருந்துகொண்டு குரோமைப் பெறச் சென்றால், வேண்டா, இதுவே போதும் என்று மைக்ரோசாஃப்டின் அறிவிப்பு வந்து மறிக்கிறது. வேறு உலாவியில் கூகுள் பக்கங்களைத் திறந்தால் குரோமுக்கு வருக என்னும் அழைப்பு. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, இயல்பு உலாவியை மாற்ற விரும்பியவர் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. குறைகூறல் மிகுந்த பின்னரே அது எளிதாக்கப்பட்டது. திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் இறங்கியவுடன் சூழ்ந்துகொள்ளும் ஆட்டோ ஓட்டுநர்களிடம் வேண்டா என்று சொல்லி நடந்துவிடலாம். இங்கோ நடக்கும் வீதியே அழைப்பவருக்கு உரியது.

இது புதிய வழக்கம் அன்று. 1995இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், அதை விண்டோஸுடன் பிணைத்தே கொடுத்து நெட்ஸ்கேப்பை வீழ்த்தியது. அமெரிக்க அரசு 1998 மே மாதத்தில் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு 2000இல் பிறந்த ஆணையை மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது. அக்காலத்தில் தமிழ் வாசகரும் இப்பூசலின் பயனைத் துய்த்தனர். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் தளத்திற்கு ஓர் எழுத்துருவாகத் தமிழ் சிதறிக் கிடந்தது. மைக்ரோசாஃப்டின் முறைப்படி எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பிய தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே தமிழாகத் தெரிந்தன. பிற உலாவியைக் கொண்டவர்க்கு வாய்த்தவை பொருளற்ற குறிகளே. தாய்மொழியில் செய்தி படிப்பதற்கு இன்ன நிறுவனத்தின் உலாவியைத்தான் வைத்திருக்க வேண்டும் என்னும் நிலை தமிழர்க்கு இருந்தது என்பதை இன்றைய மாணவர் அறிதல் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியை முயன்றது. 2010 முதல் விண்டோஸ் பயன்படுத்துவோர்க்கு உலாவிகளின் பட்டியலைக் காட்டித் தெரிவு செய்யச் சொன்னது. இடையே அப்பட்டியலைக் காட்டாமல் விட்டமைக்காக 2013இல் மைக்ரோசாஃப்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியாவில் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1337.76 கோடி அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி செய்வோர் குரோம் உள்ளிட்ட கூகுள் செயலிகளை மொத்தமாக முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்னும் நிபந்தனை அதில் ஆராயப்பட்ட முறைகேடுகளுள் ஒன்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அத்தொகையை உறுதி செய்தது. அமெரிக்காவில் குஜராத்தில் பிறந்தவரான நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டத்திற்குப் புறம்பாக முற்றுரிமையைக் காத்து வந்தது என 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் இயல்புத் தேடுபொறியாக இருப்பதற்கு 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் கொடுத்தது 2630 கோடி டாலர் என்பது அவ்வழக்கில் வெளிப்பட்டது. மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் உண்டு. மாற்றுவார் சிலரே என்பதை அறிந்தே இத்துணைப் பணம் கொடுக்கப்படுகிறது. குரோமை விற்றுவிட வேண்டும் என்னும் அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் அதே நீதிபதி ஏற்கவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடை செய்தார்.

அயலார் உலாவி வேண்டா, உள்நாட்டு உலாவியே அமையும் என்பார் உளர். அவர்கள் யூசி பிரௌசரின் வரலாற்றை நினைவு கொள்ளலாம். அலிபாபா குழுமத்தைச் சேர்ந்த அவ்வுலாவி, விலை குறைந்த கைப்பேசியிலும் விரைந்து இயங்கியமையால் இந்தியாவில் பெருவழக்காய் இருந்தது. பயனரின் விவரங்களை அது பாதுகாப்பின்றி வெளியே விடுகிறது எனக் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் 2015இலேயே எழுதியது. இந்திய அரசு அதைத் தடை செய்தது 2020 ஜூன் 29ஆம் நாளில். எல்லைப் பூசல் மூண்ட பின்னர், பிற 58 செயலிகளோடு சேர்த்து.

2023 ஆகஸ்டில் மத்திய மின்னணுவியல் அமைச்சகம் இந்திய உலாவி ஒன்றை உருவாக்கப் போட்டி அறிவித்தது. 2025 மார்ச்சில் முதற்பரிசான ஒரு கோடி ரூபாயை ஜோஹோ பெற்றது. பின்தொடரும் நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுத்தல், சிறுவர்க்கெனத் தனிப் பகுதி வைத்தல் முதலியன அதன் உலாவியின் நல்லியல்புகள். எனினும் 'உலா'வின் பெயர் தமிழ், உள்ளுடல் குரோமியம். குரோமியம் பெரும்பாலும் கூகுள் பொறியாளர்கள் எழுதி, யாரும் எடுத்தாளுமாறு திறந்துவிட்ட நிரற்றொகுதி. எட்ஜ், பிரேவ், ஓபரா ஆகியனவும் அதன்மீது எழுந்தனவே. இது ஜோஹோவின் குற்றம் ஆகாது. வேரிலிருந்து புதிதாக ஓர் உலாவி எழுதுவது பெருஞ்செலவுடையது. ஆயினும் அடித்தளத்தின் விதியை வகுப்பவர் கூகுளாக இருக்கும்வரை விடுதலை முழுமை பெறாது. நீட்சிகளுக்கான விதியைக் கூகுள் மாற்றியதன் விளைவாக, யூபிளாக் ஆரிஜின் என்னும் புகழ்பெற்ற விளம்பரத் தடுப்பு நீட்சி குரோமில் இயங்காமற்போனது அண்மை நிகழ்ச்சி.

ஆதலின் உலாவியைத் தெரிவு செய்வார் கேட்க வேண்டிய வினா, அது எந்நாட்டது என்பதன்று; அதற்குச் சோறிடுபவர் யார் என்பதே. குரோமுக்குச் சோறிடுவது விளம்பரத் தொழில். ஜோஹோவின் வருவாய் வணிக மென்பொருள்களுக்கான சந்தாவிலிருந்து வருகிறது. அவ்வகையில் அதற்கு வேவு பார்க்கும் தேவை குறைவு. பயர்பாக்ஸின் உட்பொறி கூகுளுடையதன்று. அதை நடத்துவது இலாப நோக்கற்ற மொசில்லா அறக்கட்டளைக்கு உரிய நிறுவனம். தமிழ் இடைமுகமும் அதற்கு உண்டு. ஆனால் மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி தேடலுக்காகக் கூகுள் கொடுக்கும் பணம். தனியுரிமைக்குப் பெயர்பெற்ற ஆப்பிளும் அதே வகையில் 2022இல் கூகுளிடமிருந்து 2000 கோடி டாலர் பெற்றது. முற்றிலும் தூயவர் எவரும் இலர். இருப்பினும் பயர்பாக்ஸையோ உலாவையோ கொண்டு, மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தடுத்து, வங்கிப் பணிக்கும் பிற பணிக்கும் வெவ்வேறு உலாவிகளை வைத்துக்கொள்வது, கைப்பேசியோடு வந்த குரோமில் எல்லாவற்றையும் இட்டு வைப்பதினும் நன்று.

உலா இலக்கியம் ஏழு பருவத்திற்கும் வயது வகுத்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்தது ஒரே எல்லை: பதினெட்டு. அதற்குட்பட்டோரின் நடத்தையைப் பின்தொடர்தலையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலையும் அச்சட்டம் விலக்குகிறது. பாட்டியல் கணக்கில் பேதை, பெதும்பை, மங்கை மூவரும் முழுதும் அடங்குவர். பதினான்கு முதல் பத்தொன்பது வரையுள்ள மடந்தை பெரும்பாலும் அடங்குவாள். அரிவை முதலாய மூவர்க்கும் உள்ளது அவர்தம் இசைவு ஒன்றே. அதாவது, நீண்ட அறிக்கையின் கீழுள்ள பொத்தானைப் படியாமல் அழுத்துதல். தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயம் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டில். அதன் பின்வந்த இச்சட்டத்திற்கான விதிகள் வெளியானது 2025 நவம்பரில்தான்.

உலாவியைத் தெரிவு செய்யும் வாய்ப்பே இல்லாதவரும் இம்மாவட்டத்தில் உள்ளனர். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க வரும் மாணவர்க்குப் பிரௌசிங் சென்டர் கணினியில் எந்த உலாவி இருக்கிறதோ அதுவே உலாவி. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று அது கேட்கும். வரிசையில் பின்னால் ஆள் நிற்க, ஆம் என்று அழுத்திவிட்டுச் செல்வர். ஆதார் அட்டையும் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் இறக்கப்பட்ட கோப்புகளாக அங்கேயே கிடக்கும். தமிழ் வகுப்பிலேனும் இதனைச் சொல்லிக் கொடுக்கத் தடையில்லை. குரோமின் மறைநிலைச் சாளரம் வெளியார் கண்ணிலிருந்து ஒருவரை மறைப்பதில்லை. அதில் திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024இல் வழக்கொன்றின் சமரசத்தில் உடன்பட்டது. ஆனால் பலர் மாறி மாறி அமரும் கணினிக்கு அது பொருத்தமானதே. சாளரத்தை மூடியவுடன் சென்ற பக்கங்களின் வரலாறும் குக்கீயும் அக்கணினியிலிருந்து நீங்கிவிடும். இறக்கிய கோப்பு மட்டும் நீங்காது. எழுந்து செல்லுமுன் அதைத் தனியே அழித்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.