காற்றில் பரவும் என்று சொல்ல நான்கு ஆண்டுகள்



நோய் தோன்றுவதையும் பரவுவதையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஆராயக் கூடியிருக்கிறோம். 'எபிடெமிக்', 'பேண்டெமிக்' பற்றிப் பிற்பகல் அமர்வில் விரிவாகப் பேசவிருக்கிறார்கள். நோய் எத்தனை பேரைப் பிடித்தது, எங்கெல்லாம் போனது என்பதை அவை சொல்லும். எந்த வழியாக வந்து தொற்றுகிறது என்று சொல்லும் 'ஏர்போர்ன்' (காற்றில் பரவும்) என்ற சொல்லை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

2020 மார்ச் 28 அன்று, கோவிட் 'ஏர்போர்ன்' அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னது. இருமினால் தெறிக்கும் துளிகள் கனமானவை, காற்றில் நிற்காமல் விழுந்துவிடும் என்று விளக்கமும் தந்தது.

அதற்கு முன்பே, மார்ச் 10 மாலை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினார்கள். அவர்களில் ஒருவருக்குச் சளி பிடித்தது போன்ற அறிகுறி இருந்தது. மற்ற 60 பேரில் 32 பேருக்குத் தொற்று உறுதியானது, இன்னும் 20 பேருக்குத் தொற்றியிருக்கக் கூடும் என்று கணித்தார்கள். இருவர் இறந்தார்கள். விழுந்துவிடும் துளிகளை மட்டும் வைத்து இதை எப்படி விளக்குவது?

நிறுவனம் தயங்கியதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனை வழக்கில் 'ஏர்போர்ன்' என்றால் காசநோய், தட்டம்மை, சின்னம்மை. அப்படிச் சொல்லிவிட்டால் என்-95 முகக்கவசமும் காற்றழுத்தம் குறைத்த தனியறையும் வேண்டும். 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துளி விழுந்துவிடும் என்று பாடநூல்களும் எழுதிவைத்திருந்தன. ஆனால் 1930களில் வில்லியம் வெல்ஸ் என்ற ஆய்வாளர் கணக்கிட்ட எல்லை ஏறத்தாழ 100 மைக்ரான். 5 என்பது, காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழம் வரை போவதற்கான துகள் அளவு. எங்கோ இரண்டு எண்களும் குழம்பி, மருத்துவர்கள் தலைமுறைகளாக அதையே படித்திருக்கிறார்கள்.

பிரிஸ்பேனின் லிடியா மொராவ்ஸ்கா இயற்பியல் படித்தவர். அவரும் டொனால்ட் மில்டன் என்ற ஆய்வாளரும் கோவிட் காற்றில் பரவுவதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி, 2020 ஜூலையில் வெளியான கடிதத்தை 239 அறிவியலாளர்கள் ஆதரித்தார்கள். நிறுவனம் 2021 டிசம்பரில்தான் தன் இணையதளத்தில் 'ஏர்போர்ன்' என்ற சொல்லைத் தயங்காமல் எழுதியது. 2024 ஏப்ரலில், அமெரிக்கா, சீனா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் நோய்த்தடுப்பு மையங்களோடு கலந்து, 'த்ரூ தி ஏர்' (காற்றின் வழியாக) என்ற தொடரை ஏற்றது. துளியின் அளவை வைத்துப் பிரித்த பழைய கோட்டையும் விட்டது. அந்தத் தொடரை நான் மனமார வரவேற்கிறேன். படிக்காதவருக்கும் அது புரியும். ஆனால் அது வருவதற்குள் மக்கள் காய்கறிப் பைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சன்னல்களைச் சாத்திக்கொண்டு அடைந்து கிடந்தார்கள். அதை எண்ணினால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பரிந்துரைக்கும் ஒவ்வொரு சொல்லோடும், அதைக் கேட்ட செவிலியரும் பேருந்து நடத்துநரும் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.