நேரமும் ஓர் எடைக்கல்லே

கொச்சி மட்டாஞ்சேரியில் பரதேசி யூத ஆலயத்தின் மணிக்கூண்டு நிற்கிறது. 1760 ஆம் ஆண்டில் எசக்கியேல் ரஹாபி என்னும் வணிகர் எழுப்பிய கூண்டு அது. அதன் முகப்புகளில் எபிரேய, உரோமானிய, மலையாள எண்கள் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. எண்களின் வடிவம் வேறு, நேரம் ஒன்றே.

அதே யூதர் தெருவில்தான் 1957 முதல் மிளகின் முன்பேர வணிகம் நடைபெற்றது. தரகர்கள் ஒரே கூடத்தில் நின்று உரக்க விலை கூறினர். முந்திக் கூறியவர் யார் என்பதற்குக் கூடியிருந்தோரே சாட்சி. பின்னர் வணிகம் கணிப்பொறிக்கு மாறியது. கண்கண்ட சாட்சியின் இடத்தைக் கடிகாரம் ஏற்றுக்கொண்டது.

சிறு வணிகரின் பாதுகாப்பு

மின்னணுச் சந்தையில் ஒரே விலையில் இருவர் கேட்டால், முன்னர் வந்த கேட்புக்கே முதலிடம். இவ்வரிசையைச் சந்தையின் மையக் கணிப்பொறி தன் கடிகாரத்தைக் கொண்டே அமைத்துவிடும். தகராறு எழும்போதுதான் சிக்கல். தரகர், சந்தை, வங்கி ஆகிய மூவரின் பதிவுகளையும் ஒப்பிட வேண்டும். கடிகாரங்கள் ஒத்திராவிடில், பணம் செலுத்துமுன்பே ரசீது பிறந்ததாகப் பதிவுகள் கூறும். அந்நிலையில் தம் பக்க நியாயத்தை மெய்ப்பிக்க இயலாமல் இழப்புக்கு ஆளாகிறவர் பெரும்பாலும் சிறு வணிகரே.

ஒத்திசைக்கும் முறை

கணிப்பொறியின் குவார்ட்ஸ் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு வினாடியளவு விலகுவது அரிதன்று. இதைத் திருத்த, அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்த நேர நெறிமுறை 1985இல் ஆவணமாக வெளியாயிற்று. அதன் கணக்கு எளியது. ஒரு கணிப்பொறி தன் கடிகாரப்படி 0 மில்லி வினாடியில் நேரம் கேட்கிறது எனக் கொள்வோம். நேரம் வழங்கும் கணிப்பொறி தன் கடிகாரப்படி 140இல் கேள்வியைப் பெற்று, 150இல் விடை அனுப்புகிறது. கேட்ட கணிப்பொறியில் விடை வந்து சேர்வது 90இல். போகும்போது காணும் வேறுபாடு 140, வரும்போது 60. இரண்டின் சராசரியான 100 மில்லி வினாடியே கடிகாரம் பின்தங்கிய அளவு. போக்கும் வரவும் சம நேரம் எடுக்கும் என்னும் கருதுகோளே இதன் அடிப்படை. அது பொய்த்தால் விடையும் பிழைபடும். சிறு விலகலைப் படிப்படியாகவே சரிசெய்வர். நேரம் பின்னோக்கிச் சென்றால் பதிவுகளின் வரிசை குலையும்.

பொது அளவை

ஒரே நேரத்திற்கு உடன்படுவதில் சிறு விட்டுக்கொடுத்தல் உண்டு. 1906இல் இந்தியத் திட்ட நேரம் ஏற்கப்பட்ட பின்னரும் கல்கத்தா 1948 வரை தன் நேரத்தை விடவில்லை. கொச்சியில் கதிரவன் உச்சியை அடையும்போது கடிகாரம் சராசரியாக 12.25 காட்டும். இந்த வேறுபாட்டை ஊர் பொறுத்துக்கொள்வதனால்தான் நாடெங்கும் ஒரே நேரம் இயலுகிறது.

அந்நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களால் பேணுகிறது. அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் இவ்வாய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடு தம் கணிப்பொறிகளை ஒத்திசைக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் ஆணை பிறந்தது. 2025 ஜனவரியில், எடை அளவைச் சட்டத்தின் கீழேயே திட்ட நேரத்திற்கான வரைவு விதிகள் கருத்தறிய வெளியிடப்பட்டன. இது பொருத்தமானதே. முத்திரையிட்ட எடைக்கல் வாங்குவோரையும் விற்போரையும் ஒருங்கே காக்கிறது. ஒத்திசைந்த கடிகாரமும் அவ்வாறே. அலுவலகக் கணிப்பொறியின் நேரம் எங்கிருந்து வருகிறது என உசாவுவது ஒவ்வோர் அதிகாரியின் கடமையாகும்.