பொதுப் படிக்கட்டு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில் உள்ளது புசல்லாவை. கீழே கடை, மேலே குடித்தனம் என அமைந்த கட்டடங்களில் குடும்பங்கள் பலவாயினும் படிக்கட்டு ஒன்றே. மழை மிகுந்த மலைநாட்டில் விறகுக்கட்டும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் அப்படிகளின் அடியிலேயே தஞ்சம் புகுகின்றன. குடையும் செருப்பும் மேற்படிகளில் குடியேறிவிடுகின்றன. வைத்தவரைக் கடிந்துகொள்வது எளிது. அவருக்கு வேறிடம் இல்லை என்பதும் மெய்யே.

ஆயினும் அடியில் தீப்பற்றினால், வெம்புகை மேலெழும்பிப் படிக்கட்டு முழுவதையும் புகைபோக்கி ஆக்கிவிடும். மேலே இருப்போர் இறங்குவதற்கும் அவ்வழி ஒன்றே!

குறுகிய வழி எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதைத் தமிழகம் அறியும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக்கூரையைப் பற்றியது. ஒடுங்கிய படிக்கட்டின் வழியே சிறுவர்கள் விரைந்து இறங்க இயலவில்லை. 94 குழந்தைகள் மாண்டனர்.

புசல்லாவையில் முதலில் அகற்றவேண்டியவை விறகும் மண்ணெண்ணெயும். கீழ்க் கடைக்காரர் பின்கட்டின் தாழ்வாரத்தில் அவற்றுக்குச் சிறிது இடம் ஒதுக்கலாம். வாடகை பெறும் உரிமையாளர் ஒரு மின்விளக்கும் கைப்பிடியும் பொருத்துவாராக. இரவில் தெருக்கதவைப் பூட்டுவோர், உள்ளிருப்பவர் திறவுகோலின்றித் திறக்கத்தக்க தாழ்ப்பாளையே இடுவாராக.