உரையாடலுக்கு ஒரு மாற்று வாயில்

ஒருவர் நடத்தும் கணினிவழி உரையாடற் சேவைக்கு மற்றொருவர் கருவி செய்யலாகுமோ? 1998ஆம் ஆண்டில் அமெரிக்க மாணவரான மார்க் ஸ்பென்சர் அதனைச் செய்தார். ஏஓஎல் நிறுவனத்தின் உடனடிச் செய்திச் சேவையை லினக்ஸ் கணினியிற் பயன்படுத்த அவர் இயற்றிய சிறு மென்பொருளே 'கெய்ம்'.

அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தது. ஆகவே பலர் கூடி உழைத்தனர். பிற சேவைகளின் மொழிகளையும் அது கற்றது. வேண்டிய துணைநிரல்களை மட்டும் சேர்த்து, அவரவர் தத்தம் விருப்பப்படி அதனை அமைத்துக்கொள்ளலாம். பெயருரிமைப் பிணக்கினால் 2007இல் அது 'பிட்ஜின்' எனப் பெயர் மாறிற்று.

ஆயினும், சேவையின் திறவுகோல் உடையவர் கையிலேயே உள்ளது. 2017 டிசெம்பர் 15இல் அந்நிறுவனம் தன் சேவையை மூடிற்று. பிட்ஜினோ பிற சேவைகளோடு வாழ்கிறது. ஒரு மொழியை மாத்திரம் அறிந்தவன் அம்மொழி வழக்கொழிந்தால் நாவடங்குவான். பன்மொழி பயின்றவனோ பேசிக்கொண்டேயிருப்பான்.