செடி வேணும், ஆள் வேணாமா?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்க மக்களின் பாரம்பரிய அறிவை மதிக்கணும் என்று இன்றைக்கு எல்லா ஆராய்ச்சி நிறுவனமும் சொல்லுது. மதிக்கிறதுன்னா என்ன? கலகாரிப் பாலைவனத்துச் செடி ஒன்றை வைத்தே பார்ப்போம்.

ஹூடியா, கள்ளி மாதிரியான செடி. தெற்கு ஆப்பிரிக்காவின் ஆதிக்குடிகளான சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது அதன் தண்டை வெட்டி மெல்லுவாங்க. பசியும் தாகமும் அடங்கும். வெள்ளைக் குடியேறிகள் துரத்தித் துரத்திச் சுட்டுக் கொன்ற மக்கள் இவங்க.

தென்னாப்பிரிக்க அரசின் ஆராய்ச்சி மன்றம் 1963இல் இச்செடியை ஆராயத் தொடங்கியது. 1990களின் நடுவில், பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை கோரியது. 1997இல் ஃபைட்டோஃபார்ம் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கும், 1998இல் அதன் வழியாக ஃபைசருக்கும் உரிமம் போனது. பசியோடு நடந்தவர்களின் அறிவு, பணக்கார நாடுகளில் உடம்பு இளைக்க விற்கும் மருந்தாக மாற இருந்தது. சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2001இல் விஷயம் வெளியே வந்தபோது, அந்த மக்கள் அழிந்துபோனதாக நினைத்தோம் என்று பிரிட்டிஷ் கம்பெனித் தலைவர் சொன்னதாகச் செய்தி வந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் உயிரோடு இருக்காங்க!

இது தகவல் பிழை இல்லை தோழர்களே. சொந்தக்காரன் செத்துட்டான்னு வச்சுக்கிட்டாத்தான் சொத்தைக் கூசாம எடுக்க முடியும்.

சான் மக்கள் அமைப்பாகத் திரண்டு போராடினாங்க. 2003 மார்ச்சில் ஒப்பந்தம் வந்தது. ஆராய்ச்சி மன்றத்துக்குக் கிடைக்கும் உரிமத்தொகையில் 6 சதவீதம். ஆய்வின் கட்டங்கள் முடியும்போது வரும் பணத்தில் 8 சதவீதம். கம்பெனிகளின் லாபத்தில் கை வைக்கவில்லை. அந்த ஆண்டே ஃபைசர் விலகியது. பிறகு வந்த யூனிலீவரும் 2008இல் விலகியது. இதற்கிடையே ஹூடியா மோகத்தில் காட்டுச் செடிகளை வெட்டிக் குவித்தாங்க. 2004இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தேவைக்கு ஒரு துண்டு வெட்டினவங்க தலைமுறை தலைமுறையாய் விட்டுவைத்த செடி அது. நீடித்த வளர்ச்சி பற்றி யாருக்கு யார் பாடம் எடுக்கிறது?

பணம் பெரிசா வரலை. ஆனால் பேசுகிற பலம் வந்தது. 2017இல், தங்களை ஆராய வருகிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்க சான் மக்கள் தாங்களே விதிமுறை வகுத்தாங்க: மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையான நடைமுறை. ஆய்வுக்குப் பொருளாக இருந்தவங்க ஆய்வாளனுக்கு விதி எழுதினாங்க!

நமக்கு இது புரியாததா? பிரசவம் பார்த்த கை, தோல் பதப்படுத்திய கை, பறை அடித்த கை. வேலை வேணும், கை தீட்டு என்றது சாதி. அறிவை மதிக்கிறேன் என்று வருகிறவரை ஒண்ணே ஒண்ணு கேட்போம்: அந்த அறிவுக்கு உரியவரை உனக்குச் சமமா உட்கார வைப்பியா?