தேடி வந்தோரும் நின்று பார்ப்போரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இணையத்தில் வாசகரை அடைதல்' என்பது எனக்குத் தரப்பெற்ற பொருள். விழா மேடைக்கு இது சற்று வறண்ட பொருள்தான். ஆயினும் நம் வட்டத்தின் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது. பத்தாண்டுகளாக இங்கு வாசிக்கப்பெற்ற கவிதைகளை இணையத்தில் எழுத்தாகத் தொகுத்து வைத்திருக்கிறோம். அங்கு வருவோர் தொகை மெலிந்துவிட்டது. ஆகவே அதை நிறுத்திவிட்டு, இனிக் கவிதைகளைப் படங்களாக்கி இன்ஸ்டாகிராமில் மட்டும் வெளியிடலாம் என இளைய உறுப்பினர் சிலர் கருதுகின்றனர். அவர்கள் கூறுவதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்பதைப் பற்றியதே என் உரை.

இதுவரை நம்மிடம் வந்துகொண்டிருந்தவர்கள் யார்? பெரும்பாலோர் கூகுளில் ஏதோ ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து, அது காட்டிய வழியே வந்தவர்கள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு மழையைப் பற்றி ஒரு கவிதை வேண்டியிருந்த ஆசிரியர், நண்பரின் மணவிழாவுக்கு வாழ்த்துப்பா தேடியவர், தாய் மறைந்த துயரில் நள்ளிரவில் நாலு வரி தேடியவர். அவர்கள் நம்மைத் தேடவில்லை. தமக்கு வேண்டியதைத் தேடினார்கள், வழியில் நாம் இருந்தோம். இதில் நமக்குப் பெருமையுமில்லை, சிறுமையுமில்லை.

அந்த வழி இப்போது குறுகிவிட்டது. நமக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. 2022 ஆகஸ்டிலும் 2023 செப்டம்பரிலும் கூகுள் தன் தரவரிசை முறையில் செய்த மாற்றங்களுக்குப் பின், உலகெங்கும் தனியாட்கள் நடத்திய சிறு தளங்கள் பலவற்றின் வருகை சரிந்தது. 2024 மே மாதம் அமெரிக்காவிலும் அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கவுரை இடம்பெறலாயிற்று. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்கர் சிலரின் தேடல்களை ஆராய்ந்தது. சுருக்கவுரை இல்லாத தேடல்களில் 100க்கு 15 முறை ஏதேனும் ஒரு முடிவைச் சொடுக்கி உள்ளே சென்றவர்கள், சுருக்கவுரை இருந்தபோது 8 முறையே சென்றார்களாம். திண்ணையிலேயே பதில் கிடைத்துவிட்டால் வீட்டுக்குள் யார் வருவார்?

கவிதையைச் சுருக்கவுரையாகத் தர இயலாதே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் திண்ணையோடு திரும்பும் பழக்கம் வந்தவர், கவிதை வேண்டும்போது மட்டும் உள்ளே வருவார் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

இனிப் படத்துக்கு வருகிறேன். தேடி வருபவர் தேவையோடு வருகிறார். படத்தைப் பார்ப்பவருக்கு ஒரு தேவையும் இல்லை. பேருந்தில் அமர்ந்து விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவரை ஒரு படம் நிறுத்துகிறது, அவ்வளவுதான். தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. 1950இல் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது, மணியத்தின் சித்திரங்களுக்காகப் பக்கத்தைப் புரட்டி, பின்னர் கதைக்குள் இறங்கியவர்கள் நம் பெற்றோர் தலைமுறையில் இல்லையா? ஆனால் அங்கே சித்திரமும் கதையும் ஒரே தாளில் இருந்தன; கண் சற்று இறங்கினால் போதும். இன்றோ படம் ஓர் ஊரில், எழுத்து வேறோர் ஊரில். இடையே விரலின் ஒரு தொடுகை. அந்த ஒரு தொடுகையைச் செய்ய வைப்பதுதான் இன்று எல்லோரையும் திணறவைக்கும் வேலை.

இதில் வென்றவராக எல்லோரும் சுட்டுபவர் ரூபி கவுர். 1992இல் பஞ்சாபில் பிறந்து, சிறு வயதிலேயே கனடாவில் குடியேறியவர். சில வரிக் கவிதை, அருகே தம் கையால் வரைந்த கோட்டோவியம், இவற்றை இன்ஸ்டாகிராமில் இட்டுவந்தார். 2014இல் 'மில்க் அண்ட் ஹனி' என்னும் தொகுப்பைத் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு ஒரு பதிப்பகம் அதை ஏற்றது. நூல் பல இலட்சம் படிகள் விற்றது. அவர் கவிதைகளில் பெரும்பகுதி எனக்கு உவப்பானதன்று. சொல்லி முடித்ததும் தீர்ந்துவிடுகின்றன. எனினும் அவர் செய்த ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பாதிக் கவிதையைக் காட்டி, மீதிக்கு இங்கே வருக என்று அவர் யாரையும் அழைக்கவில்லை. சிறியதாயினும் முழுமையான ஒன்றைக் கொடுத்தார். கொடுத்த பின்னும் வாசகர் நூலைத் தேடி வாங்கினர்.

நம்மவர் சிலர் செய்வது இதற்கு மாறு. நாற்பது வரிக் கவிதையின் முதல் மூன்று வரியை வெட்டிப் படமாக்கி, 'தொடர்ந்து வாசிக்க' என்று எழுதுகின்றனர். தலையை மட்டும் அனுப்பி உடலைக் காண அழைப்பது போன்றது இது. நெடுங்கவிதையாயின், அதனுள்ளே தனித்து நிற்கவல்ல ஒரு படிமம் கட்டாயம் இருக்கும். அதை எடுங்கள். அதுவும் இல்லையெனில் அந்தக் கவிதையை மறுபடி வாசித்துப் பார்ப்பது நல்லது!

படமாக்குவதில் தமிழுக்கென்றே சில இடர்கள் உண்டு. நம் சொற்கள் ஒட்டு மேல் ஒட்டாக நீள்பவை. கைப்பேசித் திரையின் அகலத்தில் வரிக்கு மூன்று சொல் நிற்பதே அரிது. 'போய்க்கொண்டிருந்தவர்களை' என்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும். கவிஞர் வைத்த வரிமுறிவு ஒன்று, படம் செய்தவர் முறித்தது வேறொன்று என்றாகிவிடுகிறது. முறிவிலேயே உயிர் இருக்கும் புதுக்கவிதைக்கு இது சிறு தீங்கன்று. வடிவமைப்பு மென்பொருள்கள் சில, தக்கபடி அமைக்காவிட்டால், கொம்பை ஓரிடத்திலும் காலை ஓரிடத்திலும் சிதறடிக்கும். ஆகவே வெளியிடுமுன் கவிஞர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பெயரைப் படத்தின் ஓரத்தில் இடாமல், கவிதையின் கடைசி வரியை ஒட்டி இடுங்கள். ஓரத்தில் இட்ட பெயர் வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறுவதற்குள் வெட்டுண்டுபோகும். மூன்றாம் கையில் அது வேறொரு பெரும்புலவர் பாடியதாகிவிடும்.

எங்கே இடுவது? இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் குறிப்பில் முகவரி தந்தால் அது தொடுகைக்குத் திறக்காது. தன்விவரப் பகுதியில் தரும் இணைப்பே திறக்கும். 2023 ஏப்ரல் முதல் அங்கு ஐந்து இணைப்புகள் வரை தரலாம். ஒரு நாளில் மறையும் 'ஸ்டோரி'யில் இணைப்பு ஒட்டும் வசதி 2021 அக்டோபரில்தான் எல்லோருக்கும் வந்தது. தன் தெருவில் நிற்பவரை வெளியே விட அந்நிறுவனத்துக்கு மனமில்லை என்பதே இதன் பொருள்.

பின்ட்ரஸ்ட் என்பது வேறு வகை. அங்கு இடும் ஒவ்வொரு படத்துக்கும் இணைப்பு ஒன்றைச் சேர்க்கலாம். அகலம் இரண்டுக்கு உயரம் மூன்று என்ற அளவில் நெட்டையான படம் பொருந்தும். அதுவும் ஒரு தேடுமிடமே என்பதால், இட்ட படம் மாதங்கள் கழிந்தும் கண்ணில் படுகிறது. தமிழ்க் கவிதையைத் தேடி அங்கு செல்வோர் சிலரே. ஆனால் கோலம், சேலைக்கரை, பழைய வீட்டு முற்றம் இவற்றின் படங்களைத் தேடுவோர் அங்கு உண்டு. நம் உறுப்பினர் ஒருவரின் கோலக் கவிதையை நல்ல கோலம் ஒன்றின் படத்தோடு அங்கு வைத்தால், கவிதை வாசிக்கும் எண்ணமே இல்லாத ஒருவர் அதன் முன் நிற்கக்கூடும். அவரும் நமக்கு வாசகர்தாமே!

இதுவரை இளைய நண்பர்கள் பக்கம் பேசினேன். இனி மற்றப் பாதி.

தொண்ணூறுகளின் பிற்பகுதியை இங்குள்ள மூத்தவர்கள் நினைவுகூரலாம். அன்று தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அது நம் கணினியில் இல்லையெனில் திரையில் தெரிந்தவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளும் குறிகளுமே. இதற்கு அஞ்சிச் சிலர் தமிழ் எழுத்தைப் படமாக்கி வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் தேட இயலாது, படியெடுக்க இயலாது, திருத்த இயலாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு, அதன்பின் பரவிய ஒருங்குறி, 2010இல் தமிழக அரசு அதை ஏற்றமை என இத்தனை படிகளைத் தாண்டித்தான் தமிழ் எழுத்து இணையத்தில் எழுத்தாகவே நிலைபெற்றது. அப்படி மீட்ட எழுத்தை நாமே மீண்டும் படத்துக்குள் பூட்டி, மூலத்தையும் அழித்துவிடலாமா? பார்வையற்ற வாசகருக்குத் திரைப்படிப்பான் வாசித்துக் காட்டுவது எழுத்தைத்தான். படத்துக்கு மாற்றுரை எழுதும் வசதி இன்ஸ்டாகிராமில் 2018 முதல் உண்டு என்றாலும், அதை நிரப்புவோர் எத்தனை பேர்?

நம் முன்னோரின் சித்திரகவியை இங்கு எண்ணிப் பார்க்கிறேன். நாகபந்தத்தில் பாம்பின் வளைவுகளுக்குள் எழுத்துகள் அடைபட்டிருந்தாலும், பாட்டை வெளியே எடுத்தால் அது வெண்பாவாகவோ விருத்தமாகவோ தனித்து நின்றது. படம் கிழிந்தாலும் பாட்டு மனப்பாடத்தில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. நாம் குடியேற நினைக்கும் இடம் பிறர் மனை. 2015 மார்ச்சில், மாதவிலக்கைப் பொருளாகக் கொண்ட ஒளிப்படம் ஒன்றை ரூபி கவுர் இட்டபோது, இன்ஸ்டாகிராம் அதை இருமுறை நீக்கியது. எதிர்ப்பு எழுந்த பின்னரே மீட்டளித்தது. அவருக்குக் குரல் கொடுக்கப் பலர் இருந்தனர். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் மட்டுமே பாடியும் ஆடியும் வாழ்ந்த எத்தனையோ கிராமத்துக் கலைஞர்கள் தம் பார்வையாளர் அனைவரையும் ஒருசேர இழந்தனர். தடை சரியா என்பது வேறு வழக்கு. வேறிடம் இல்லாதவர்கள் தெருவில் நின்றார்கள் என்பதே நாம் காண வேண்டியது. கூகுள் ஒருவழியை அடைத்ததற்காக நொந்துகொண்டு, இன்னொரு பெருநிறுவனத்தின் ஒற்றை வாசலை நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இது. எழுத்துத் தொகுப்பு இருக்கட்டும்; கவிதை முதலில் அங்கே எழுத்தாக ஏறட்டும். பிறகு அதிலிருந்து படம் பிறக்கட்டும். படத்தின் கீழ்க் கவிதை வரிகளை எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். பொதுவில் திறந்த தொழில்முறைக் கணக்குகளின் இடுகைகள் 2025 ஜூலை முதல் கூகுள் தேடலிலும் தென்படலாம் என்பதால், அந்த உழைப்பு வீண்போகாது. படம் பார்த்து உள்ளே வந்தவரிடம் அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி வைப்போம். பழைய சிற்றிதழ்களின் சந்தாதாரர் ஏடு போல அது நம்முடைய ஏடு. யாருடைய விதி மாறினாலும் அந்த முகவரிக்கு நாம் எழுதலாம்.

தொடக்கமாகப் பத்தாண்டுத் தொகுப்பிலிருந்து இருபது கவிதைகளைத் தேர்ந்து தருமாறு மூத்த கவிஞர்களையும், அவற்றுக்குப் படம் அமைக்குமாறு இளையவர்களையும் வேண்டுகிறேன். வரிமுறிவு குறித்து இரு தரப்பாருக்கும் சண்டை வரும். வரட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் அதைத் தனிப் பொருளாகவே வைத்துக்கொள்வோம்.