முறுக்கிய இறக்கை
(சங்க இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டு விமானத்தைப் பற்றிப் பேசவா இந்த மேடை என்று பெரியோர்கள் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தமக்கை மகன், பதினான்கு வயதுப் பையன், பால்சா மரத்தால் சிறு விமானம் ஒன்று செய்தான். பால்சாவின் தாயகம் மத்திய, தென் அமெரிக்க நாடுகள். தக்கைபோல் இலேசான மரம். 1947-ல் தோர் ஹையர்டால் என்பவர் பால்சாக் கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி, பெரு நாட்டிலிருந்து 101 நாட்கள் பசிபிக் சமுத்திரத்தில் மிதந்து சென்றார். பையன் அந்த மரத்தை மூன்று மாதம் சீவி, ஒட்டி, மெல்லிய தாள் போர்த்தி, டோப் என்னும் பூச்சையும் பூசி முடித்தான். பிறகு, பத்திரமாக இருக்கட்டுமென்று லயத்துக் காம்பிராவில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டான்!

ஹட்டன் பக்கத்து ஆடி மழையை உங்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரு புறம் அடுப்புச் சூடு, மறுபுறம் ஈரச் சுவர். இரண்டு வாரத்தில் வலது இறக்கையின் பின் ஓரம் நுனியில் கீழே முறுக்கிக்கொண்டது. வீசிப் பார்த்தான். விமானம் இடப்பக்கம் சாய்ந்து சுழன்று, மண்ணில் மூக்கைக் குத்தியது.

"மாமா, இதை அடுப்பிலேயே போட்டுவிடுகிறேன்" என்றான். அவன் கண்ணைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கொழுந்து வாட்டும் மாடியைப் பார்த்தவர்களுக்கு விஷயம் எளிது. ஈரம் போனால் கொழுந்து துவளுகிறது. மரமோ ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் முறுக்கத்தானே செய்யும்? ஈரமும் சூடும் செய்த கோணலை ஈரத்தாலும் சூட்டாலுமே எடுக்கலாம்.

மின்சாரக் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். (தணலருகே போகாதீர்கள், டோப் பூசிய தாள் குப்பென்று பற்றும்.) ஆவியில் இறக்கையைச் சிறிது நேரம் காட்டி, கோணலுக்கு எதிர்ப்புறமாக, வேண்டிய அளவுக்குச் சற்று அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை கையை எடுக்காமல் பிடித்திருந்தோம். விட்டதும் பாதி திரும்பிவிட்டது. பையன் முகம் வாடிற்று. மறுபடி ஆவி, மறுபடி முறுக்கு. மூன்றாம் தரம் நின்றது. பின்பு சமமான பலகையில் ஊசி குத்தி, இரு நுனிகளிலும் பின் ஓரத்தின் கீழ் ஒரே கனத் தீக்குச்சி ஒவ்வொன்று வைத்து, ஒரு நாள் விட்டோம். பின் ஓரம் நுனியில் சிறிது உயர்ந்திருந்தால், வேகம் குறையும்போது நுனி சட்டென்று சரியாது. ஆனால் இரு பக்கமும் ஒரே அளவாயிருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அந்த ஒரு நாள் காத்திருப்பில் அவனுக்கு ரைட் சகோதரர்கள் கதையைச் சொன்னேன். 1899-ல் வில்பர் ரைட் தமது சைக்கிள் கடையில் ஒரு நீள அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தாராம். இறக்கையையும் இப்படி முறுக்கினால் விமானத்தை ஒருபுறம் சாய்த்து நிமிர்த்தலாமே என்று அப்போது தோன்றியது. 1903 டிசம்பர் 17-ல் 12 விநாடி, 120 அடி பறந்த அவர்களது விமானத்தில், இறக்கையை முறுக்கக் கம்பிகளே கட்டியிருந்தன. "அப்படியானால் என் இறக்கையும் சும்மா முறுக்கவில்லை" என்றான் பையன். நான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் மழை விட்ட நேரத்தில் பிரட்டுக்களத்துக்குப் போனோம். முதலில் புல்மேட்டில் மெதுவாக வீசினான். நேராகச் சென்று இறங்கிற்று. அடுத்த தரம் பலமாக வீசினான்; களத்தைத் தாண்டித் தேயிலைச் செடிமேல் போய் உட்கார்ந்தது. இன்னும் சிறிது இடப்பக்கம் திரும்புகிறது. அதை அப்படியே விட்டிருக்கிறோம். விமானம் இப்போது என் வீட்டு அலமாரியில், பலகையோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. பார்க்க விரும்பும் தம்பிமார் ஞாயிற்றுக்கிழமை வரலாம்.